எவரெஸ்ட்: மூச்சும் முதுகும்

கேள்வி இது: "பணம் இருந்தால் இப்போது யார் வேண்டுமானாலும் எவரெஸ்ட் ஏறிவிடலாம் என்கிறார்களே, உண்மையா? அப்படியானால் வருடா வருடம் ஏன் ஆட்கள் சாகிறார்கள்? டென்சிங்கும் ஹில்லரியும் ஏறுவதற்கு முன்பே வேறு யாரோ ஏறிவிட்டார்கள் என்றும் ஒரு பேச்சு இருக்கிறதே?"

முதல் கேள்விக்குப் பாதி ஆமாம் என்பதுதான் பதில். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

நான் உச்சி தொட்டவன் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேபாளப் பக்கத்து அடிவார முகாம் வரை நடந்து போய் வந்திருக்கிறேன், அவ்வளவுதான். அதற்கு முந்தைய இரவு கோரக் ஷெப் என்ற இடத்தில் தங்கினோம். சுமார் 5,160 மீட்டர் உயரம். பையிலிருந்த பிஸ்கட் பாக்கெட் பலூன் மாதிரி உப்பிக் கிடந்தது. வெளியே காற்றழுத்தம் குறைய, சமவெளியில் அடைத்த காற்று உள்ளே முண்டிக்கொண்டு நிற்கிறது. தூங்கும்போது மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றே போய், தண்ணீரில் அமுக்கி எடுத்தவன் மாதிரி திடுக்கிட்டு எழுந்தேன். பக்கத்துக் கட்டில்காரரும் இரவு முழுக்க அப்படியே எழுந்துகொண்டிருந்தார். அந்த உயரத்தில் இது நோய்கூட இல்லை, சாதாரணம். உச்சி அங்கிருந்து இன்னும் மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது.

மேலே ஆக்சிஜன் "சதவீதம்" குறைவு என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. உச்சியிலும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன்தான். குறைவது அழுத்தம். நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் ஆக்சிஜனைத் தள்ளிவிடுவது அந்த அழுத்தம்தான். அடிவார முகாமில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் பாதி, உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. உங்களைச் சென்னையிலிருந்து தூக்கிக்கொண்டுபோய் உச்சியில் இறக்கிவிட்டால் சில நிமிடங்களில் நினைவு தப்பிவிடும். அப்புறம் எழுந்திருக்கவே மாட்டீர்கள்.

உடம்பைப் பழக்கலாம். மூச்சு வேகமாகும், வாரக்கணக்கில் சிவப்பணுக்கள் கூடும். அதனால்தான் இந்தப் பயணம் ஒன்றரை, இரண்டு மாதம் இழுக்கிறது. மேலே ஏறு, கீழே வந்து தூங்கு, மறுபடி இன்னும் கொஞ்சம் மேலே ஏறு. ஆனால் 8,000 மீட்டருக்கு மேல் எந்த உடம்பும் பழகாது. அங்கே இருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் கையிருப்பிலிருந்து எடுத்துச் செலவழிப்பதுதான். மூளை வீங்கலாம், நுரையீரலில் நீர் கோக்கலாம், சரியாக யோசிக்கிற திறன் போகலாம். கடைசியாகச் சொன்னதுதான் மோசம், ஏனென்றால் அது போனது நமக்கே தெரியாது. 1952-இல் வந்த சுவிஸ் குழுவின் தலைவரான டாக்டர் விஸ்-துனான் அந்தப் பகுதியை "மரண மண்டலம்" என்றார். பெயர் நிலைத்துவிட்டது.

வரலாற்றுக்கு வருவோம். அதில் ஒரு முனை நம் ஊரில் இருக்கிறது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் சங்கிலி போட்டு ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளக்க ஆரம்பித்தார். அந்த ஒரு கோட்டின் மேல் முக்கோணம் முக்கோணமாக அடுக்கிக்கொண்டே போன நில அளவைதான் ஐம்பது வருடம் கழித்து இமயமலையை அளந்தது. கோணம் அளக்கும் அவருடைய தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808-இல் அதைத் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது கயிறு விட்டு, கருவி கோபுரத்தில் மோதி நசுங்கிவிட்டது. மனிதர் உட்கார்ந்து தன் கையாலேயே தட்டி நிமிர்த்தி அதைச் சரிசெய்தார். எவரெஸ்ட் கதையின் முதல் விபத்து தஞ்சாவூரில் நடந்தது என்று நான் சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கை உண்டு.

நேபாளத்துக்குள் அளவையாளர்களுக்கு அனுமதி கிடையாது. பீகார் சமவெளியில் நின்றுகொண்டு நூறு மைலுக்கு அப்பாலிருந்த சிகரங்களைக் குறிபார்த்தார்கள். அதில் 15-ஆம் எண் சிகரம்தான் எல்லாவற்றையும் விட உயரம் என்று 1852-இல் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தவர் வங்காளக் கணிதவியலாளர் ராதாநாத் சிக்தார். 1856-இல் அறிவித்த உயரம் 29,002 அடி, அதாவது சுமார் 8,840 மீட்டர். நேபாளமும் சீனாவும் சேர்ந்து 2020-இல் அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். செயற்கைக்கோள் இல்லாத காலத்தில் ஒன்பது மீட்டர்தான் பிசகு. பெயர் மட்டும் சிக்தாருக்குப் போகவில்லை. ஓய்வு பெற்றுப் போயிருந்த முன்னாள் தலைமை அளவையாளர் ஜார்ஜ் எவரெஸ்டுக்குப் போனது. அவரே அதை ஆட்சேபித்தார். திபெத்தியர்களுக்கு அது என்றைக்கும் சோமோலுங்மா. நேபாளிகள் சொல்லும் சாகர்மாதா பின்னால் வைத்த பெயர்.

பிரிட்டிஷ்காரர்களின் ஏறும் முயற்சிகள் 1921-இல் திபெத் பக்கமிருந்து தொடங்கின. 1922-இல் ஜார்ஜ் ஃபிஞ்சும் ஜெஃப்ரி புரூஸும் ஆக்சிஜன் உதவியோடு 8,320 மீட்டர் வரை போனார்கள். அதே வருடம் ஜூன் 7 அன்று, புதுப்பனி விழுந்து கிடந்த சரிவில் மூன்றாம் முறையாக முயன்றபோது பனிச்சரிவு வந்து சுமைதூக்கிகள் ஏழு பேரை அடித்துக்கொண்டு போனது. கூட இருந்த வெள்ளைக்காரர்கள் மூவரும் பிழைத்தார்கள். அந்த மூவரில் ஒருவர் ஹோவர்ட் சோமர்வெல், அறுவை மருத்துவர். செத்தவர்களில் எங்களில் ஒருவராவது இருந்திருக்கக் கூடாதா என்று அவர் பிற்பாடு வருந்தி எழுதினார்.

இந்த சோமர்வெல்லைப் பற்றி நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர். 1922 பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர், அப்போது திருவிதாங்கூரில் இருந்த நெய்யூருக்கு வந்தார். இன்றைக்கு அது கன்னியாகுமரி மாவட்டம். அங்கிருந்த லண்டன் மிஷன் மருத்துவமனையில் வரிசை கட்டி நின்ற நோயாளிகளையும், அத்தனை பேருக்கும் ஒரே அறுவை மருத்துவரையும் பார்த்துவிட்டு, லண்டனில் காத்திருந்த தொழிலை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். உழைத்த காலத்தில் பெரும்பகுதி நெய்யூர், கடைசியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. 1924 பயணத்துக்கு அவர் புறப்பட்டுப் போனது இங்கிலாந்திலிருந்து அல்ல, நெய்யூரிலிருந்து.

1924 ஜூன் 4. சோமர்வெல்லும் எட்வர்ட் நார்ட்டனும் ஆக்சிஜன் இல்லாமல் மேலே போகிறார்கள். சோமர்வெல்லுக்குப் பல நாளாக இருமல். அந்த உயரத்துக் காற்று குளிர் மட்டுமல்ல, பஞ்சாகக் காய்ந்தது. ஒவ்வொரு மூச்சும் தொண்டையை அறுத்துக்கொண்டு இறங்கும். சுமார் 8,500 மீட்டரில் இனி முடியாது என்று அவர் உட்கார்ந்துவிட, நார்ட்டன் தனியாக 8,573 மீட்டர் வரை போய்த் திரும்பினார். ஆக்சிஜன் இல்லாமல் அதைவிட மேலே ஒருவர் போய்த் திரும்ப இன்னும் 54 வருடம் ஆனது.

இருவரும் இறங்கி வரும் வழியில் சோமர்வெல்லின் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. மூச்சே இல்லை. முன்னால் போய்க்கொண்டிருந்த நார்ட்டனைக் கூப்பிடக் குரல் இல்லை. சோமர்வெல் ஓவியரும்கூட, அதனால் பின்தங்கினால் எதையோ வரைகிறார் என்று நார்ட்டன் நினைத்துக்கொண்டாராம். இவர் பனியில் உட்கார்ந்து சாவுக்குத் தயாரானார். கடைசி முயற்சியாக இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்தி ஓர் உந்து உந்த, அடைப்பு பிடுங்கிக்கொண்டு வாய்க்கு வந்தது. பனியில் வெந்து உரிந்த அவருடைய குரல்வளையின் உட்தோல் அது. ரத்தம் துப்பிவிட்டு, பல நாளுக்குப் பிறகு நன்றாக மூச்சு விட முடிகிறதே என்று நிம்மதியாக இறங்கிப் போனார். எவரெஸ்டில் கஷ்டம் என்ன என்று என்னிடம் யாராவது கேட்டால் கயிறு, ஏணி, பாறை எதுவும் எனக்கு நினைவுக்கு வருவதில்லை. இந்தத் தொண்டைதான் வரும்.

நான்கு நாள் கழித்து, ஜூன் 8 அன்று, ஜார்ஜ் மல்லோரியும் 22 வயது ஆண்ட்ரூ இர்வினும் ஆக்சிஜனோடு மேலே போனார்கள். மதியம் 12:50-க்கு மேகம் விலகிய இடைவெளியில் முகட்டில் இரண்டு கரும்புள்ளிகள் நகர்வதை அதே குழுவின் நோயல் ஓடெல் கீழிருந்து பார்த்தார். மேகம் மூடிக்கொண்டது. அவ்வளவுதான். மல்லோரியின் உடல் 1999 மே 1 அன்று சுமார் 8,155 மீட்டரில் கிடைத்தது. இடுப்பில் கயிறு இறுக்கிய தடம், முறிந்த கால், சட்டைப் பையில் பனிக்கண்ணாடி. உச்சியில் வைத்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்த மனைவியின் படம் மட்டும் அவரிடம் இல்லை. 2024 செப்டம்பரில் கீழே பனியாற்றில் ஒரு பூட்ஸும் பாதமும் கிடைத்தன. காலுறையில் இர்வின் பெயர் தைத்திருந்தது.

உங்கள் மூன்றாம் கேள்விக்கு வேர் இங்கேதான். அவர்களிடம் ஒரு சின்ன கோடாக் கேமரா இருந்தது. அது கிடைத்து, உள்ளே படச்சுருள் பிழைத்திருந்தால் வழக்கு முடிந்தது. இன்னும் கிடைக்கவில்லை. அந்தக் கேமரா யாருடையது தெரியுமா? சோமர்வெல்லுடையது. மேலே போகும் மல்லோரிக்குக் கடன் கொடுத்தது. நெய்யூர் டாக்டரின் கேமரா நூறு வருடமாக அந்த மலையில் எங்கேயோ கிடக்கிறது.

அவர்கள் ஏறினார்களா? என் கணிப்பு, இல்லை. வடக்கு முகட்டில் "இரண்டாம் படி" என்று ஒரு செங்குத்துப் பாறை உண்டு. 1975-இல் சீனர்கள் அதில் ஏணி மாட்டிவிட்டார்கள், இன்றைக்கும் எல்லோரும் ஏணியில்தான் ஏறுகிறார்கள். 1960-இல் ஏணி இல்லாமல் அதைத் தாண்டிய சீனக் குழுவில் ச்சூ யின்ஹுவா பிடிமானத்துக்காக பூட்ஸைக் கழற்றிவிட்டு ஏறினார், கால் விரல்களை இழந்தார். ஆணி அடித்த தோல் பூட்ஸோடு, அந்தக் கால ஆக்சிஜன் கருவியைச் சுமந்துகொண்டு இர்வினை மல்லோரி அதில் ஏற்றிவிட்டார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. ஏறியிருந்தாலும்தான் என்ன, உயிரோடு திரும்பினால்தான் ஏறியதாகக் கணக்கு என்று மல்லோரியின் மகனே சொல்லியிருக்கிறார்.

அடுத்த முப்பது வருடத்தை வேகமாகக் கடக்கலாம். முப்பதுகளில் பல முயற்சிகள், எல்லாம் தோல்வி. போருக்குப் பிறகு திபெத் மூடியது, நேபாளம் திறந்தது, வழி தெற்குப் பக்கம் மாறியது. 1952 மே மாதம் சுவிஸ்காரர் ரேமண்ட் லாம்பெர்ட்டும் டென்சிங் நார்கேயும் 8,400 மீட்டருக்குப் பக்கத்தில் ஓர் இரவு தங்கினார்கள். தூங்கும் பை இல்லை, அடுப்பு இல்லை. ஒரு தகர டப்பாவில் பனியைப் போட்டு மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி உருக்கி, வாயை நனைத்துக்கொண்டார்கள். மறுநாள் சுமார் 8,600 மீட்டரில் திரும்பினார்கள். அவர்களுடைய ஆக்சிஜன் கருவி நின்றால்தான் வேலை செய்தது, நடந்தால் இழுக்க முடியவில்லை. திரும்ப வைத்ததில் பெரும்பங்கு தாகத்துக்குத்தான். அந்தக் காய்ந்த காற்றில் மூச்சு வழியாகவே லிட்டர் லிட்டராகத் தண்ணீர் போகிறது, ரத்தம் குழம்பாகிறது. 1953 பிரிட்டிஷ் குழுவின் உடலியல் நிபுணர் கிரிஃபித் பியூ இதைக் கணக்குப் போட்டுப் பிடித்தார். நிறைய குடியுங்கள், அடுப்பு தூக்கிக்கொண்டு போங்கள், ஆக்சிஜனைத் தாராளமாகத் திறந்துவிடுங்கள் என்றார். அந்த வெற்றியில் அவருக்குரிய பங்கு வெளியே தெரிய வெகுகாலம் ஆயிற்று.

1953 மே 26 அன்று அந்தக் குழுவின் சார்லஸ் எவன்ஸும் டாம் போர்டிலனும் தெற்குச் சிகரம் வரை போய், இன்னும் நூறு மீட்டர் உயரம்தான் பாக்கி என்ற இடத்தில் திரும்பினார்கள். போயிருந்தால் போயிருக்கலாம். திரும்ப ஆக்சிஜன் போதாது என்று கணக்குப் போட்டார்கள். எனக்கு அவர்கள் மேல் தனி மரியாதை. மே 29 காலையில் ஹில்லரி எழுந்து பார்த்தால் வெளியே கழற்றி வைத்த பூட்ஸ் மரக்கட்டையாக உறைந்திருந்தது. அடுப்பு மேல் காட்டி இளக்க இரண்டு மணி நேரம். டென்சிங் பூட்ஸைக் கழற்றாமலே தூங்கியிருந்தார். அனுபவம் என்றால் அதுதான், அவருக்கு அது ஏழாவது எவரெஸ்ட் பயணம். ஆறரை மணிக்குக் கிளம்பி, பதினொன்றரைக்கு உச்சி. பதினைந்து நிமிடம் இருந்தார்கள். டென்சிங் இனிப்பையும் பிஸ்கட்டையும் பனியில் புதைத்து வணங்கினார். கழுத்தில் லாம்பெர்ட் கொடுத்த சிவப்புத் துண்டு. முதலில் கால் வைத்தது யார் என்று பிறகு பெரிய சண்டை. ஹில்லரி சில அடி முன்னால் போனார் என்று பிறகு டென்சிங்கே சொல்லிவிட்டார். ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டவர்களிடம் கேட்கிற கேள்வியா அது?

1978 மே 8 அன்று ரைன்ஹோல்ட் மெஸ்னரும் பீட்டர் ஹாபெலரும் ஆக்சிஜன் இல்லாமலே உச்சிக்குப் போனார்கள். உடம்பு தாங்காது என்று பல நிபுணர்கள் சொல்லியிருந்தார்கள். 1981-இல் ஓர் அமெரிக்க மருத்துவக் குழு உச்சியிலேயே காற்றழுத்தத்தை அளந்தது: 253 மில்லிமீட்டர் பாதரசம், எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகம். காரணம் அழகானது. பூமத்திய ரேகையை ஒட்டிய பகுதிகளில் வளிமண்டலம் தடிமன், துருவம் நோக்கிப் போகப் போக மெலியும். எவரெஸ்ட் 28-ஆம் அட்சரேகையில் இருப்பதால் தப்பித்தோம். இதே மலை அலாஸ்காவில் இருந்திருந்தால் ஆக்சிஜன் இல்லாமல் மனிதன் ஏறவே முடியாது. குளிர்காலத்தில் அழுத்தம் இன்னும் குறையும். 1987 டிசம்பரில் ஆங் ரீட்டா ஷெர்பா ஆக்சிஜன் இல்லாமல் ஏறினார் என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். அவர் மொத்தம் பத்து தடவை ஏறினார், பத்தும் சிலிண்டர் இல்லாமல்.

சரி, இப்போது "ஏன் சாகிறார்கள்" என்ற கேள்வி. கணக்காகவே போட்டுவிடலாம். இன்று பரவலாகப் பயன்படும் சிலிண்டர் நான்கு லிட்டர் கொள்ளளவு, 300 பார் அழுத்தம் (ஒரு பார் என்பது ஏறக்குறைய கடல் மட்டக் காற்றழுத்தம்). அதாவது சுமார் 1,200 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் திறந்தால் பத்து மணி நேரம், நான்கு திறந்தால் ஐந்து. நான்காம் முகாம் 7,900 மீட்டரில். அங்கிருந்து இரவு ஒன்பது பத்து மணிக்குக் கிளம்பினால் உச்சிக்குப் பத்து மணி நேரம், திரும்ப ஐந்தாறு மணி நேரம். முதுகில் ஒன்று, வழியில் ஷெர்பா (சுமை தூக்கி வழிகாட்டும் உள்ளூர் மலைவாசி) வைத்திருக்கும் ஒன்றிரண்டு. எல்லாம் சரியாக நடந்தால் போதும். ஒற்றை ஆள் மட்டும் போகக்கூடிய முகட்டில், ஒரே கயிற்றில், முன்னால் ஐம்பது பேர் நின்றால்? நிற்கிற ஒவ்வொரு மணிக்கும் சிலிண்டர் கரைகிறது. நடக்காத உடம்பு சூடு இழக்கிறது, விரல் மரத்துப்போகிறது. 2019 மே 22 அன்று எடுத்த படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள், திருப்பதி க்யூ மாதிரி உச்சி முகட்டில் வண்ண வண்ண ஜாக்கெட்டுகள். அந்தப் படத்தில் தெரிவது கூட்டம் அல்ல, தீர்ந்துகொண்டிருக்கும் சிலிண்டர்கள்.

எல்லோரும் ஏன் ஒரே நாளில் போகிறார்கள்? வருடத்தில் பெரும்பாலான நாள் அந்த உச்சி, வானில் அசுர வேகத்தில் வீசும் ஜெட் காற்றோட்டத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. நிற்கவே முடியாது. தென்மேற்குப் பருவமழை நெருங்கும்போது, மே மாதம் பாதிக்கு மேல், அந்தக் காற்று வடக்கே விலகுகிறது. மழைப்பனி வந்து சேரும் முன் சில நாள் இடைவெளி. இந்தியப் பெண்களில் முதலில் ஏறிய பச்சேந்திரி பால் உச்சியில் நின்றது 1984 மே 23. மலேசியக் கொடியை முதலில் அங்கே கொண்டுபோன மகேந்திரன், மோகனதாஸ் இருவரும் நின்றது 1997 மே 23. தமிழ்நாட்டுப் பெண் முத்தமிழ்செல்வி நின்றது 2023 மே 23. ஜோசியம் எதுவும் இல்லை, ஜெட் காற்று விடும் லீவு அது.

இடைவெளி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1996 மே 10. நியூசிலாந்தின் ராப் ஹால், அமெரிக்காவின் ஸ்காட் ஃபிஷர், இரண்டு பேரும் அனுபவத்தில் பழுத்தவர்கள், காசு வாங்கிக்கொண்டு ஆட்களை அழைத்துப் போனவர்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும் என்பது பொது விதி. அன்றைக்கு மூன்று, நான்கு மணிக்கெல்லாம்கூட ஆட்கள் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். மாலையில் புயல். எட்டு பேர் செத்தார்கள், ஹாலும் ஃபிஷரும் உட்பட. அந்த எட்டில் மூன்று பேர் வடக்குப் பக்கத்திலிருந்து ஏறிய இந்திய–திபெத் எல்லைக் காவல் படையினர். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் தெற்குப் பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

இதுவரை 300 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள். கணிசமானவர்கள் இறங்கும்போதுதான். அடிவார முகாமைத் தாண்டுகிறவர்களில் சுமார் நூற்றுக்கு ஒருவர் திரும்புவதில்லை. மலையேறிகள் கணக்கில் இது பயங்கரமான எண் இல்லை. கே2, அன்னபூர்ணா சிகரங்கள் எவ்வளவோ மோசம். வழக்கமான வழியில் கயிறு முழுக்கக் கட்டியிருப்பதால் பாறையேற்றத் திறமையும் அவ்வளவு தேவைப்படாது. "பணம் இருந்தால் ஏறலாம்" என்கிறார்களே, அதில் உண்மையான பாதி இது.

அந்தக் கயிறு எப்படி அங்கே வந்தது என்பதுதான் மீதிப் பாதி. அடிவார முகாமுக்கு நேர் மேலே கும்பு பனியருவி. பனியாறு ஒரு செங்குத்தில் உடைந்து, வீடு வீடாகப் பனிப்பாளங்கள் சரிந்துகொண்டே இருக்கும் இடம். ஒரு நாளைக்கு ஒரு மீட்டர்வரை நகரும். வாடிக்கையாளர்கள் வந்து சேரும் முன்பே "பனியருவி டாக்டர்கள்" என்று அழைக்கப்படும் ஷெர்பாக்கள் சிலர் உள்ளே போய், வெடிப்புகளின் மேல் அலுமினிய ஏணிகளைக் கட்டி வழி போடுகிறார்கள். வெடிப்பு அகலமானால் இரண்டு மூன்று ஏணிகளை முனையோடு முனை சேர்த்துக் கயிற்றால் கட்டுவார்கள். பூட்ஸுக்கு அடியில் மாட்டிய இரும்புப் பற்களோடு அந்தப் படிகளின் மேல் நடக்கும்போது ஏணி தொட்டில் மாதிரி ஆடும். பனி நகர நகர ஏணி கோணும், மறுபடி போய்க் கட்ட வேண்டும். இது பருவம் முழுக்க நடக்கும்.

வாடிக்கையாளர் அந்தப் பனியருவியைச் சில தடவை கடப்பார். கூடாரம், அடுப்பு, சோறு, சிலிண்டர் எல்லாவற்றையும் மேலே கொண்டுபோகிற ஷெர்பா அதைப் பல மடங்கு தடவை கடப்பார். 2014 ஏப்ரல் 18 காலையில் மேலிருந்து பனிப்பாளம் பிய்த்துக்கொண்டு விழுந்ததில் 16 பேர் செத்தார்கள். பதினாறு பேரும் நேபாளத் தொழிலாளிகள். சுமை தூக்கிக்கொண்டு போனவர்கள் அவர்கள்தானே. ஒவ்வொரு குடும்பத்துக்கும் உடனடி உதவியாக 40,000 நேபாள ரூபாய் என்று அரசு அறிவித்தது, அன்றைய கணக்கில் சுமார் 400 டாலர். ஷெர்பாக்கள் கொதித்துப்போய் வேலையை நிறுத்தினார்கள், தெற்குப் பக்கத்தில் அந்தப் பருவமே அத்தோடு முடிந்தது. அடுத்த வருடம் ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் அடிவார முகாமையே பனிச்சரிவு அடித்தது.

2025 செப்டம்பரிலிருந்து வசந்த கால அனுமதிக் கட்டணம் மட்டும் 15,000 டாலர். மொத்தச் செலவு நிறுவனத்தைப் பொறுத்து 40,000 டாலரிலிருந்து லட்சத்தைத் தாண்டியும் போகும். அந்தப் பணம் மலையின் ஆபத்தில் ஒரு பகுதியை உங்கள் முதுகிலிருந்து இறக்குகிறது. ஆனால் அது காற்றில் கரைந்து போவதில்லை, இன்னொருவர் முதுகில் ஏறுகிறது. கமி ரீட்டா ஷெர்பா 2025 மே மாதம் 31-வது தடவையாக உச்சிக்குப் போனார். அதைச் சாதனை என்று செய்தி போட்டார்கள். சாதனைதான். ஆனால் ஒரு மனிதர் ஏன் 31 தடவை அங்கே போக வேண்டியிருக்கிறது என்பதையும் யோசிக்கலாம். அது அவருடைய உத்தியோகம்.

அதே 2025 பருவத்தில் பனியருவிக்கு மேலே ஏணிகளையும் கயிறுகளையும் டிரோன் கொண்டுபோய்க் கொடுத்தது. மணிக்கணக்கில் நடக்க வேண்டிய சுமை நிமிடக்கணக்கில் போயிற்று. ஐம்பது வருடத்தில் அந்த மலைக்கு வந்த ஒரே உருப்படியான கருவி என்று நான் இதைத்தான் சொல்வேன்.

உங்களுக்கே போகிற ஆசை இருந்து கேட்டிருந்தால் ஒரு வார்த்தை. முதலில் அடிவார முகாம் வரை நடந்து பாருங்கள், உங்கள் உடம்பு உயரத்தை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று தெரிந்துவிடும். அது ஜிம்மில் தெரியாது. நல்ல ஓட்டக்காரர் வழியிலுள்ள நாம்சே ஊரிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததையும், கூட வந்த அறுபது வயது அம்மா பாட்டுப் பாடிக்கொண்டு ஏறியதையும் பார்த்திருக்கிறேன். அப்புறம் டார்ஜிலிங்கிலோ உத்தரகாசியிலோ உள்ள மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சி, ஒரு 6,000 மீட்டர் மலை, ஒரு 7,000 மீட்டர் மலை. அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் நிறுவனம் தேடுங்கள். எத்தனை சிலிண்டர், ஒருவருக்கு எத்தனை ஷெர்பா, ஷெர்பாவுக்குக் காப்பீடு எவ்வளவு என்று கேளுங்கள். கடைசியாக, உச்சி நாளன்று எத்தனை மணிக்குத் திருப்பி அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். "அதெல்லாம் அன்றைக்கு நிலைமையைப் பார்த்துச் சொல்கிறோம்" என்றால் முன்பணம் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.